சங்கத்துக்கும் ஓர் ஐந்தொகை

வருட முடிவில் ஐந்தொகை எடுக்காத வியாபாரி இல்லை. இருப்பு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று பேரேட்டைப் பார்த்து எழுதி, லாபமா நஷ்டமா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் புதுக்கணக்கு போடுகிறோம். சரக்குக்கும் பணத்துக்கும் இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்க்கும் நாம், வியாபாரம் செய்யும் முறைக்கு அப்படி ஒரு கணக்குப் பார்க்கிறோமா? "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்? இன்றைக்கும் இது சரிதானா?" என்ற கேள்வியை நம் கடையிலும் சங்கக் கூட்டத்திலும் கடைசியாக எப்போது கேட்டோம்?

நிர்வாக இயல் படித்தவர்கள் இதைச் சுயபரிசோதனை என்றும் சீர்தூக்கிப் பார்த்தல் என்றும் சொல்கிறார்கள். ஒரு நிறுவனம் பாடம் கற்று மாறுவதற்கு இதுவே முதல் படி என்பது அவர்கள் முடிவு. பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2 பேர் வேலை பார்க்கும் மளிகைக் கடையும் ஒரு நிறுவனம்தான். 200 உறுப்பினர் கொண்ட வணிகர் சங்கமும் ஒரு நிறுவனம்தான்.

இரண்டு வகைத் திருத்தம்

அமெரிக்கப் பேராசிரியர்கள் கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷான் இருவரும் 1978-ல் நிறுவனங்கள் கற்கும் விதம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தவறு ஏற்படும்போது அதைத் திருத்துவதில் இரண்டு வகை உண்டு என்பது அதன் சாரம்.

நம் கடையில் தயிர், பால், குளிர்பானம் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே சூடு ஏறினால் அதுவாக ஓடத் தொடங்குகிறது, குளிர்ந்தால் நின்றுவிடுகிறது. தவறைத் தானே கண்டு தானே திருத்துகிறது. இது முதல் வகை. ஆனால் வைத்திருக்கும் அளவு சரியா, உள்ளே வைத்துள்ள சரக்குக்கு அவ்வளவு குளிர் தேவையா என்று அந்தப் பெட்டி ஒருநாளும் கேட்காது. அப்படிக் கேட்பதுதான் இரண்டாவது வகை. முதல் வகையில் செயல் மட்டும் மாறுகிறது. இரண்டாவது வகையில் அந்தச் செயலுக்குப் பின்னால் உள்ள வழக்கமும் நம்பிக்கையும் மாறுகின்றன.

நம் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் கடன் நோட்டு. ஒரு கடையில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பையனை அனுப்பி வசூலை இறுக்குகிறார். சிலரிடம் கடுமையாகப் பேசுகிறார். கொஞ்சம் பணம் வருகிறது. அடுத்த மாதம் மீண்டும் அதே கதை. இதுவரை நடந்தது முதல் வகைத் திருத்தம். உட்கார்ந்து யோசித்தால் வேறு கேள்வி வரும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் வாரக்கூலி பெறுகிறவர்கள். நாம் கணக்கு முடிப்பதோ மாதத்துக்கு ஒருமுறை. சனிக்கிழமை கையில் இருக்கும் கூலி மாதக் கடைசி வரை இருக்குமா? மாதக் கணக்கு என்பது மாதச் சம்பளக்காரர்களுக்காக யாரோ ஏற்படுத்திய வழக்கம். அதை வாரக் கணக்காக மாற்றினால் பையனும் அலைய வேண்டியதில்லை, வாடிக்கையாளருக்கும் மனக்கசப்பு இல்லை. இது இரண்டாவது வகை.

உடைந்ததைச் சரிசெய்வது குறைந்த காரியம் அல்ல. நார்த்தாமலையில் மேலமலை மேலுள்ள விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்த்திருப்பீர்கள். சாத்தன் பூதி கட்டிய அந்தக் கற்றளி மழையால் இடிந்துபோக, மல்லன் விதுமன் என்பவர் அதைப் புதுக்கினார் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர் புதுக்கியிருக்காவிட்டால் இன்று நாம் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே பழுது பார்ப்பது என்றும் வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே இங்கு சொல்ல வருவது.

நகரத்தோம் என்று எழுதியவர்கள்

கூடிப் பேசி முடிவெடுப்பதை வெளிநாட்டு நூல் பார்த்துத்தான் நாம் கற்க வேண்டும் என்பதில்லை. நார்த்தாமலையே வணிகர் ஊர். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்று சொல்வார்கள். சோழர் காலத்தில் இதற்குத் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர். நகரம் என்னும் வணிகர் சபை இங்கே இருந்தது. நானாதேசத் திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற பெரும் வணிகர் குழுவுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. இத்தகைய சபைகளின் கல்வெட்டுகளில் "நகரத்தோம்" என்று நம்மைப் போலவே தன்மைப் பன்மையில் எழுதியிருப்பார்கள். தனி மனிதர் பெயரால் அல்லாமல், கூடியிருந்த அனைவர் பெயராலும் முடிவு எழுதப்பட்டது.

அந்த ஐநூற்றுவர் கடல் கடந்தும் சென்றார்கள். சுமத்ரா தீவில் பாரூஸ் என்ற இடத்தில் 1088-ம் ஆண்டைச் சேர்ந்த அவர்களது தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கப்பலில் வருவோர் செலுத்த வேண்டிய கட்டணம் பற்றியது அது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டில், பல ஊர் வணிகர்கள் ஒன்றுகூடி, உப்பு, அரிசி, பாக்கு, மிளகு போன்ற சரக்குகள்மீது தங்களுக்குத் தாங்களே மகமை விதித்துக்கொண்ட செய்தி இருக்கிறது. இன்று நாம் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுப்பதன் பழைய வடிவம் இது.

நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்துவது, முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த பாசினிகொண்டாவில் உள்ள கல்வெட்டு. வணிகர் சமயம் கூடி ஓர் ஊரை எறிவீரப்பட்டினம் என்று மாற்றி, அங்கே இருப்பவர்களைப் பொதுப் பங்குத் தொகையிலிருந்து விடுவித்தது. அத்துடன், உருவிய வாளோடு மக்களை மிரட்டி வரி கேட்கும், மக்களைப் பட்டினி போடும், துன்புறுத்தும் வணிகக் கூட்டத்தாருக்கு அந்த ஊரில் இடமில்லை என்றும் எழுதியது. அவர்கள் குறித்தது வெளியாரை மட்டும் அல்ல. தங்கள் கூட்டத்துக்குள்ளேயே நடந்த அட்டூழியத்தைப் பேசி, முடிவெடுத்து, அதைக் கல்லிலும் வெட்டினார்கள். தன் உறுப்பினர்களின் நடத்தையைத் தானே சீர்தூக்கிப் பார்க்கும் துணிவு அந்தச் சபைக்கு இருந்தது. எடைக் குறைவு, கலப்படம், கூலி பாக்கி என்று நம் உறுப்பினர்மீது புகார் வந்தால் நம் சங்கங்கள் அப்படிப் பேசுகின்றனவா என்பதை அவரவர் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை கண்ட மாற்றம்

இந்த மாவட்டத்திலேயே இன்னொரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை நம்மில் மூத்தவர்கள் நேரில் பார்த்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எழுத்தறிவு தருவது அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

பாடப் புத்தகம், சிலேட்டு, தொண்டர், அரிக்கேன் விளக்கு என்று வழக்கமான பாதையிலேயே அந்த இயக்கம் போயிருக்கலாம். வகுப்புக்கு வருகை குறைந்தால் தொண்டர்களைக் கூட்டு, மேற்பார்வையை இறுக்கு என்று முதல் வகைத் திருத்தத்தோடு நின்றிருக்கலாம். அவர்கள் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தார்கள். பெண்களின் தன்னம்பிக்கையைக் குறைப்பதில், வெளியே தனியாகப் போய்வர முடியாத நிலைக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. தகப்பனோ கணவனோ அண்ணன் தம்பியோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் பயணம். ஆகவே எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தருவது இயக்கத்தின் பகுதியாயிற்று. எழுத்தறிவு இயக்கத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு ஒதுக்கியிருந்தால் அது நடந்திருக்காது.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிப் பெண்களும் சைக்கிள் கற்றார்கள். அதே காலத்தில், பிறருக்குக் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. இந்த அனுபவம் பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து எழுதிய நூல் 1996-ல் வெளிவந்தது.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இங்கே வந்து எழுதிய கட்டுரையில், புதுக்கோட்டையின் ஒரு சைக்கிள் கடையில் ஓராண்டில் பெண்கள் சைக்கிள் விற்பனை 350 சதவீதம் உயர்ந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். பெண்கள் சைக்கிள் வரும்வரை காத்திருக்க முடியாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள் பலர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக ஆண்கள் சைக்கிளையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானதால், விளைபொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற பெண்களின் வருமானமும் கூடியது.

அத்தனை காலமும் அந்த வாடிக்கையாளர்கள் இந்த மாவட்டத்தில்தான் இருந்தார்கள். "பெண்கள் சைக்கிள் வாங்க மாட்டார்கள்" என்பது யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கையாக இருந்தது. அதை உடைத்தது அரசாங்கத்தின் எழுத்தறிவு இயக்கம். வியாபாரி அதன் பலனைப் பின்னால் பெற்றார். இன்று நம் கடைகளிலும் அப்படிக் கேட்கப்படாத நம்பிக்கைகள் எத்தனை இருக்கும்? "இந்த ஊரில் சிறுதானியம் விற்காது", "பாக்கெட் மசாலா வந்தபின் சில்லறை மல்லிக்கு ஆள் இல்லை", "இளைஞர்கள் நம் கடைக்கு வர மாட்டார்கள்" என்றெல்லாம் சொல்கிறோம். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். விசாரித்துத் தெரிந்துகொண்டதா, பழக்கத்தில் சொல்வதா என்பதுதான் கேள்வி.

ஐந்து முறை ஏன்

ஜப்பானில் டொயோட்டா கார் நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, ஒரு பழுது வந்தால் ஐந்து முறை "ஏன்" என்று கேட்கச் சொன்னார். மளிகைக் கடையில் அது எப்படி வேலை செய்யும் என்று பார்ப்போம்.

வாடிக்கையாளர் துவரம் பருப்பைத் திருப்பித் தந்தார். ஏன்? வண்டு விழுந்திருந்தது.
ஏன் வண்டு? பழைய மூட்டை.
ஏன் பழைய மூட்டை தங்கிவிட்டது? புது மூட்டை அதன் முன்னால் அடுக்கப்பட்டிருந்தது.
ஏன் முன்னால் அடுக்கினார்கள்? லாரியிலிருந்து இறக்கியவர்கள் வாசலோரமே போட்டுவிட்டுப் போனார்கள். கவனிக்க ஆள் இல்லை.
ஏன் ஆள் இல்லை? சரக்கு வருவது சனிக்கிழமை மாலை. கடையில் கூட்டம் அதிகம் உள்ள நேரம்.

முதல் "ஏன்" கேட்டதும் நிறுத்தியிருந்தால் பருப்பை மாற்றிக் கொடுத்து, மண்டிக்காரரைக் குறை சொல்லியிருப்போம். இரண்டாவதில் நிறுத்தியிருந்தால் கடைப் பையனைத் திட்டியிருப்போம். ஐந்தாவது வரை போனதால், சரக்கு வரும் நாளைச் செவ்வாய்க்கு மாற்றினால் போதும் என்று தெரிகிறது. செலவு ஒன்றும் இல்லை. பையன்மீது பழியும் இல்லை. மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சில்லறைக் கடைக்கு எந்த நாள் வசதி என்று கேட்டு லாரிப் பாதையை அமைக்க வேண்டும்.

கேட்க முடியாமல் தடுப்பது எது?

இவ்வளவு எளிதான காரியத்தை ஏன் செய்வதில்லை? காரணங்கள் மூன்று.

முதலாவது, அனுபவம். ஆர்கிரிஸ் 1991-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், திறமைசாலிகளுக்குத்தான் பாடம் கற்பது கடினம் என்கிறார். தோல்வியே பார்க்காதவர்களுக்குத் தோல்வியிலிருந்து கற்கத் தெரிவதில்லை. குறை சொன்னால் உடனே பிறர்மேல் தள்ளிவிடுகிறார்கள். தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர்கள் நிறைந்த நம் சங்கங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

இரண்டாவது, மரியாதை. பெரியவர் பேசியபின் இளையவர் எதிர்த்துப் பேசுவது நம் வழக்கமில்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் கைபேசியில் பணம் வாங்குவதும், வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் பெறுவதும் இளையவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். பெரியவர் கடைசியில் பேசுவது என்று முறையை மாற்றிக்கொண்டால் மரியாதையும் நிற்கும், விஷயமும் வெளியே வரும்.

மூன்றாவது, நம் கண்ணுக்கே படாத வழக்கம். ஜவுளிக் கடை, நகைக் கடை, பெரிய மளிகைக் கடைகளில் விற்பனைப் பெண்களும் ஆண்களும் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் முன் உட்காரக் கூடாது, நிற்பதே மரியாதை என்பது எழுதாத சட்டம். கால் வீங்குவதும் நரம்பு புடைப்பதும் எல்லோருக்கும் தெரியும். "உட்கார்ந்தால் வியாபாரம் குறையுமா?" என்று கேட்டவர்கள் குறைவு. கடைசியில் 2018-ல் கேரளத்திலும் 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டியதாயிற்று. நாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைச் சட்டமன்றம் கேட்டது. நாம் யோசிக்காமல் விட்ட இடத்தில் அரசு யோசிக்கும், அல்லது போட்டியாளர் யோசிப்பார். அப்போது மாற்றம் நம் சௌகரியப்படி வராது.

2020-ல் கோயம்பேட்டில் நடந்ததும் இதுதான். கொரோனா பரவல் சந்தைக்குள் வந்தபின், மே 5 அன்று அந்தப் பெரிய சந்தை மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. கூட்டத்தைக் குறைப்பது, முகக்கவசம் போடுவது எல்லாம் முதல் வகைத் திருத்தங்கள். ஒரு மாநகரத்தின் காய்கறி முழுவதும் ஒரே வளாகத்துக்குள் வந்துதான் போக வேண்டுமா என்பது இரண்டாவது வகைக் கேள்வி. நெருக்கடி வந்த பிறகு கேட்டால் அதற்கு நிதானமாகப் பதில் தேட நேரம் இருக்காது.

திருவிழா முடிந்த மறுவாரம்

சரி, எப்படித் தொடங்குவது? அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்கும் முறை உண்டு. என்ன நடக்கும் என்று நினைத்தோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த முறை எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? யார் குற்றவாளி என்ற கேள்வி அதில் கிடையாது.

நமக்கு இதற்கு ஏற்ற சந்தர்ப்பம் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா. தேங்காய், சூடம், மஞ்சள், வெல்லம் எல்லாம் அந்தச் சில நாளில் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனதில் வைத்திருந்தால், முடிந்தபின் "நான் அப்போதே நினைத்தேன்" என்று தோன்றும். திருவிழா முடிந்த மறுவாரம், கடை அடைத்தபின் அரை மணி நேரம், கடைப் பையன், எடை போடுபவர், கல்லாவில் இருந்தவர் எல்லோரையும் உட்கார வைத்து அந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள். எந்தச் சரக்கு இல்லை என்று எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. வாசலில் நிற்கும் பையனுக்குத் தெரியும். பில்லில் பதிவாவது விற்றது மட்டுமே. விற்காமல் போனது அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவன் பயமில்லாமல் சொல்ல வேண்டுமானால், சொன்னதற்காக அவனைத் திட்டக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இரண்டு எச்சரிக்கைகள்

யோசித்துக்கொண்டே இருந்து எதையும் மாற்றாமல் போனால் அது வெறும் பேச்சு. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரே ஒரு மாற்றம், யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். பத்து தீர்மானத்தைவிட நிறைவேறிய ஒரு தீர்மானம் மேல்.

அதேபோல் யோசிக்காமல் மாறுவதும் ஆபத்து. எதிர்க் கடையில் குளிர்சாதனம் போட்டார்கள் என்று கடன் வாங்கி நாமும் போடுவது கற்றல் ஆகாது. அந்தக் கடைக்குக் கூட்டம் போவது குளிருக்கா, விலைக்கா, சரக்கைக் கையால் எடுத்துப் பார்க்கும் வசதிக்கா என்று விசாரித்தபின் முடிவு செய்யலாம். எல்லாவற்றையும் தினமும் கேள்வி கேட்கவும் வேண்டாம். முத்திரையிட்ட எடை, சுத்தமான சரக்கு, சொன்ன சொல் ஆகிய மூன்றும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை.

சங்கம் செய்ய வேண்டியது

1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. 2007-ல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பை தடை. ஒவ்வொன்றையும் வணிகர் சமுதாயம் கடந்து வந்திருக்கிறது. கடந்து வந்த விதத்தை எழுதி வைத்தோமா? எது நம்மைக் காத்தது, எதனால் சில கடைகள் மூடப்பட்டன என்று குறிப்பு இருந்தால் அடுத்த மாற்றம் வரும்போது அது கைவிளக்காக இருக்கும்.

ஆகவே மூன்று யோசனைகளை உறுப்பினர் முன் வைக்கிறோம்.

1. ஆண்டுப் பொதுக்குழுவில் புதிய தீர்மானம் எதையும் படிக்கும் முன், சென்ற ஆண்டுத் தீர்மானங்களைப் படிக்க வேண்டும். நிறைவேறியது எது, நிறைவேறாதது எது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.

2. கடந்த ஆண்டில் கடையை மூடிய உறுப்பினர்களை 2 பேர் நேரில் சென்று பார்த்து, காரணம் கேட்டு வர வேண்டும். அவர்கள் சொல்வதைப் பெயர் குறிப்பிடாமல் கூட்டத்தில் படிக்க வேண்டும். சந்தா பாக்கி கேட்கப் போகக் கூடாது.

3. ஆண்டுக்கு ஒருமுறையாவது வாடிக்கையாளர்கள் சிலரையும் கடைப் பணியாளர்கள் சிலரையும் அழைத்துப் பேசச் சொல்லி, நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

14-ம் நூற்றாண்டுக்குப் பின் ஐநூற்றுவர் பெயர் கல்வெட்டுகளில் அருகிவிடுகிறது. அவர்கள் எழுதிய முடிவுகள் மட்டும் மலைகளில் நிற்கின்றன. நாம் கல்லில் வெட்ட வேண்டியதில்லை. சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் நேர்மையாக எழுதினால் போதும். வரும் பொதுக்குழுவுக்கு முன் சென்ற ஆண்டுத் தீர்மானப் பட்டியலை ஒவ்வொருவரும் எடுத்துப் படித்துவிட்டு வர வேண்டுகிறோம்.